கறுப்புப் பெயின்டுக்குக் கீழே பித்தளை

பழைய கார் வாங்கப் போகிறவன் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் அதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால், நாம் வருவதற்கு முன்பே யாரோ எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சினில் கோளாறு இருந்தால் முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். சூடாக்கி வைத்த எஞ்சின், விற்கிறவன் பக்கம் சேர்ந்துகொண்டு பேசும். திண்டிவனத்து வக்கீல் வீட்டுக் கொட்டகையில் அன்று காலை நான் தொட்ட பானட் சுட்டது. "நாலு நாளா வெளியிலேயே எடுக்கல" என்று வக்கீல் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அது. எனக்கு இருபத்தாறு வயது. விழுப்புரத்தில் ஒரு பஸ் முதலாளியின் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தேன். சேரியில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, பஸ் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்து, பத்து வருஷத்தில் எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பூட்டுகிற அளவுக்கு வந்திருந்தேன். ஊரில் யாராவது பழைய கார் வாங்குவதென்றால் என்னைத்தான் அழைத்துக்கொண்டு போவார்கள். அவர்களில் ஒருவர்கூட என்னை "வாங்க" என்று சொன்னதில்லை. ஆனால் நான் தலையாட்டாத வண்டியை வாங்கவும் மாட்டார்கள். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

அன்று என்னை அழைத்துப் போனவர் விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். அறுவடை சமயத்தில் அனந்தபுரம் பக்கம் ஊர் ஊராகக் கடலை கொள்முதலுக்குப் போவார். பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போய் மலிவாக ஒரு கார் தேடிக்கொண்டிருந்தார். திண்டிவனத்து வக்கீல் தம் காரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் நேரே எங்கள் ஷெட்டுக்கு வந்து நின்றார்.

"டேய், நாளைக்குக் காலம்பற ரயிலுக்கு வந்துடு. எனுக்கு எஞ்சினும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. நீ பாத்து சொல்றதுதான்."

"பாத்து சொல்றேங்க. ஆனா ஓட்டிப் பாக்காம சொல்ல மாட்டேங்க முதலாளி."

"ஓட்டேன், யாரு வாணான்றது?"

அவர் இரண்டாம் வகுப்பில் வந்தார், நான் மூன்றாம் வகுப்பில். என் பையில் ஸ்பேனர்களோடு ஒரு சுத்தியும் அரமும், துவைத்து மடித்த சட்டை வேட்டியும் இருந்தன. வண்டிக்கு அடியில் படுத்து எழுந்த துணியோடு யாருடைய சீட்டிலும் உட்காரக் கூடாது என்பது நானாக வைத்துக்கொண்ட பழக்கம்.

வக்கீல் வீட்டில் மண்டி முதலாளி முன்வாசல் வழியாகப் போனார். என்னைப் பக்கத்துச் சந்து வழியாகக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அங்கே வக்கீலின் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

கார் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கித்தான் கூரை, பித்தளை ஹாரன், மெருகு போட்ட மட்கார்டு. எனக்கு மெருகைக் கண்டால் பயம். எஞ்சின் ஆறட்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்தேன். வக்கீல் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "என்ன, தூங்கறானா?" என்று கேட்டார். ஆறிய பிறகு முன்பக்கத்து ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றினேன். நான்கு சிலிண்டர், சுற்றும்போது நான்கு தடவை கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். மூன்றாவது தடவை எதிர்ப்பே இல்லை, பழந்துணியை அமுக்குவது மாதிரி ஹேண்டில் லேசாகச் சுற்றிற்று. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம். பின்பக்கத்துப் பல்சக்கரப் பெட்டியில் விரலை விட்டேன். கிரீஸோடு மரத்தூள் வந்தது. தேய்ந்த பல்சக்கரம் இரையாமல் இருக்க அதைப் போட்டு அடைப்பார்கள். கொஞ்ச நாள் சத்தம் வராது. பிறகு வரும்போது எல்லாம் சேர்த்து வரும்.

இவையெல்லாம் மலிவான காரில் இருப்பவைதான். செலவு செய்தால் சரியாகும். இதற்காக யாரும் சாவதில்லை. அதனால் நான் கோபப்படவும் இல்லை.

பிறகு அடியில் படுத்தேன். வண்டியின் வயிறெல்லாம் பல வருஷத்துச் சேறும் எண்ணெயும் அப்பிக் கிடந்தன. முன்சக்கரங்கள் இரண்டையும் தாங்குகிற ஆக்ஸில் மட்டும் பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்துப் புதுசாக இருந்தது. உடம்பெல்லாம் அழுக்காக இருக்கிறவன் ஒரு கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் அந்தக் கையில் என்ன என்று பார்க்கத்தானே வேண்டும்? அரத்தை எடுத்து வலதுபக்கம் ராவினேன். பெயின்ட் உதிர்ந்தது. அடியில் இரும்பின் வெள்ளை வரவில்லை, மஞ்சள் வந்தது. பித்தளை.

ஆக்ஸில் எப்போதோ விரிசல் விட்டிருக்கிறது. புதிது வாங்கி மாட்டாமல் விரிசல்மேல் பித்தளையை உருக்கிப் பூசி, பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இது ஒடிந்தால் ஓடுகிற வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து போய் எதிலாவது மோதும். பிரேக்கும் உதவாது, ஸ்டியரிங்கும் உதவாது. அடியில் படுத்தபடியே டிரைவரின் கால்களைப் பார்த்தேன். செருப்பில்லாத அந்தக் கால்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தன.

வெளியே வந்து வக்கீலிடம் ஒன்றும் சொல்லாமல், "ஒரு தடவ ஓட்டிப் பாத்துடறேங்க" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒடம்பெல்லாம் கிரீஸா இருக்கு. வீட்டுப் பொம்பளைங்க உக்கார்ற சீட்டு அது. அழுக்காயிடும்."

நான் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கைகால் கழுவிக்கொண்டு துவைத்த சட்டையும் வேட்டியும் கட்டிக்கொண்டு வந்தேன். அவர் மறுபடியும் பார்த்தார்.

"என் டிரைவர் ஓட்டுவான். நீ வேணும்னா ஃபுட்போர்டுல நின்னுக்க."

எண்ணெய் அழுக்கு என்றால் சட்டை மாற்றியதும் போயிருக்கும். அது போகாத அழுக்கு. எந்த அழுக்கு என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். "ஓட்டேன், யாரு வாணான்றது" என்று சொன்ன மண்டி முதலாளி கூரைக் கித்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு காரின் ஸ்டியரிங்கைத் தொடாமல், அதன் பக்கவாட்டில் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு, அதைப் பரீட்சை செய்தேன். ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பினோம். பிரேக் போடும்போதெல்லாம் வண்டி வலதுபக்கம் இழுத்தது. டிரைவர் அதை மறைப்பதற்கு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். முழங்கை நரம்பு புடைத்திருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வந்ததும் முதலாளியைத் தனியாக அழைத்துச் சொன்னேன். "வாணாங்க முதலாளி. மத்தது எல்லாம் சரி பண்ணிக்கலாம். முன்னாடி ஆக்ஸில் ஒடைஞ்சி பித்தளை வெச்சி ஒட்டியிருக்குது. ஆள் உசுருக்கு ஆவாது."

"நெசமாவா?"

"வாங்க, காட்டறேன்."

அவர் பட்டுக்கரை வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து, நான் ராவிய இடத்தைப் பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: விரலால் தொட்டுப் பார்த்தார். பின்னால் வக்கீலின் டிரைவர் நின்றிருந்தார்.

பிறகு முதலாளி வீட்டுக்குள் போனார். நானும் டிரைவரும் நின்ற இடத்துக்குத் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு. "நீ சொன்ன அந்தப் பித்தளைக்கே நூத்தம்பது கொறைச்சிட்டேன்டா! வக்கீலு வாயே தெறக்கல."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. "வாங்கிட்டீங்களா?"

"வாங்காம? கொறைச்ச காசுல பாதி போட்டா மெட்ராஸ்லேர்ந்து புது ஆக்ஸில் வந்துடாது? நீதான் மாட்டப் போற. மாத்தாம ரோட்டுல எடுக்க மாட்டேன், போதுமா?"

போதும் என்று நினைத்தேன். அதுதான் என் முட்டாள்தனம். ஆபத்து என்று நான் சொன்ன வார்த்தையை அவர் பேரம் பேசுகிற கருவியாக எடுத்துக்கொண்டார். இதற்குத்தான் என்னை அழைத்து வந்திருந்தார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்னொன்றும் உறைத்திருக்க வேண்டும். நாங்கள் ரயிலில்தான் திரும்பினோம். காசு கொடுத்து வாங்கிய காரில் அவர் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து வக்கீலின் டிரைவர் அதை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து விழுப்புரத்தில் விட்டுவிட்டுப் போனார்.

ரயில் ஏறும்போது முதலாளி கேட்டார்: "நல்ல டிரைவர் ஒருத்தன் இருந்தா சொல்லு."

நான் சொன்னேன். என் அக்காள் புருஷனைச் சொன்னேன். மாமா எங்கள் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். ஓடுகிற வழித்தடம் குறைந்ததில் வேலை போய் நான்கு மாதமாக வீட்டில் இருந்தார். வீட்டில் மூன்று பெண்குழந்தைகள், இரண்டு வேளையும் கேப்பைக் கூழ். ஃபுட்போர்டில்தான் நிற்க வேண்டும் என்று என்னிடம் சொன்ன உலகம், கூலிக்கு ஓட்டுவதென்றால் எங்களை அதே சீட்டில் உட்கார வைக்கும். அதற்கு ஒரு தீட்டும் கிடையாது.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் அனுப்பினேன். "ஆக்ஸில மாத்தற வரைக்கும் எடுக்காத மாமா."

"சரி மச்சான். புது ஆக்ஸில் வந்ததும் ஒனுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."

மூன்று வாரம் கழித்துக் கடைத்தெருவில் மாமா அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கை காட்டி நிறுத்தினேன்.

"மாத்தியாச்சாம் மச்சான். முதலாளி வேற ஷெட்டுல குடுத்து மாட்டிக்கினு வந்துட்டாரு. எனுக்கே நேத்துதான் சொன்னாரு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. குற்றத்தைக் கண்டுபிடித்தவன் நான், வேலை இன்னொருவனுக்கா? "போ, நல்லா ஓட்டு" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தேன். வண்டி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. குனிந்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அதே ஆக்ஸில்தான், நான் ராவிய இடத்தில் மறுபடியும் கறுப்புப் பெயின்ட் பூசியிருக்கிறது என்று தெரிந்திருக்கும். ஊரான் பெயின்ட்டையெல்லாம் சுரண்டிப் பார்க்கிறவன், என் அக்காள் புருஷன் உட்கார்ந்திருந்த வண்டியைச் சுரண்டிப் பார்க்கவில்லை. கூலி போன கோபத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு போனேன். முதலாளிமேல் எனக்கு உள்ள ஆத்திரம் பெரிது. ஆனால் அந்தக் கடைத்தெருவில் நடந்துபோன என்னைப் பிடித்து உலுக்க வேண்டும் என்கிற ஆத்திரம் அதைவிடப் பெரிது.

அறுவடை முடிந்து தை மாசம். முதலாளி தம் மகளையும் மாப்பிள்ளையையும் கிளியனூரில் கொண்டுபோய் விட்டுவரச் சொல்லி மாமாவை அனுப்பினார். அவர்களை இறக்கிவிட்டு மாமா தனியாகத் திண்டிவனம் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தார். பட்டப்பகல். எதிரே கரும்பு ஏற்றிக்கொண்டு ஒரு கட்டை வண்டி வந்தது. அதற்கு வழிவிட மாமா இடதுபக்கம் ஒதுங்கி, ரோட்டோரத்துச் சின்னப் பள்ளத்தில் சக்கரத்தை இறக்கி ஏற்றினார். அப்போது ஒரு சத்தம் கேட்டதாம், விறகு பிளக்கிற சத்தம் மாதிரி. வலதுபக்கச் சக்கரம் உள்பக்கமாக மடங்க, கார் திரும்பி நேரே மாட்டுவண்டிமேல் போயிற்று. ஒரு மாடு அங்கேயே செத்தது. வண்டிக்காரருக்குக் கை ஒடிந்தது. மாமாவின் வலதுகால் நசுங்கியது.

மகளும் மாப்பிள்ளையும் இறங்கிக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. முதலாளி தம் மகளையே அந்த ஆக்ஸில்மேல் ஏற்றி அனுப்பியிருக்கிறார் என்பதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். மூன்று மாதம் ஒன்றும் நடக்காமல் ஓடியதும், ஒன்றும் நடக்காது என்று அவர் நம்பியிருப்பார். மலிவு என்பது அப்படித்தான் மனிதனை நம்பவைக்கும்.

கடலூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். நான் போனபோது அக்காள் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"அது ஒடஞ்ச வண்டின்னு ஒனுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிக்கினு சும்மா வந்துட்ட. கையில சுத்தி வெச்சிருந்த இல்ல? அங்கியே ரெண்டா ஒடைச்சிப் போட்டுட்டு வந்தா இன்னாடா?"

பிறர் பொருளை உடைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிறர் காலை உடைக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது நாள் போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டிரைவர் குடித்துவிட்டுத் தாறுமாறாக ஓட்டியதாக முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். மாமா சாராயத்தை வாயில் வைத்ததே கிடையாது. மாமாமேல் வழக்கு. காலும் போய், ஜெயிலுக்கும் போக வேண்டும்.

காரை எங்கே என்று தேடினேன். சம்பவம் நடந்த நாலாம் நாளே முதலாளி அதைப் பழைய இரும்புக்காரருக்கு விற்றுத் தொலைத்திருந்தார். திண்டிவனத்தில் மூன்று இரும்புக்கடை. மூன்றாவது கடையில் வக்கீல் வீட்டு மட்கார்டின் மெருகை அடையாளம் கண்டேன். வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். உச்சிவெயிலில் குவியலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், கையெல்லாம் கீறல். சாயங்காலத்துக்குள் ஆக்ஸிலின் ஒரு துண்டு கிடைத்தது.

கடைக்காரர் ஒரு சாயபு. வயதானவர். "இன்னாப்பா காலம்பறத்துலேர்ந்து பேஜார் பண்ணிக்கினு இருக்கற, இந்தத் துண்டுல இன்னா இருக்குது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் துண்டை வாங்கி ஒடிந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தார். "எடைக்குண்டான காசு குடுத்துட்டு ஜல்தியா எடுத்துக்கினு போயிடு. நாளைக்கு யாராச்சும் கேட்டா, நான் வித்துட்டேன்னு நெசத்தையே சொல்லிடுவேன்" என்றார். கோணிப்பையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு விழுப்புரம் வந்தேன்.

விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஷெட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். நரைத்த மீசை. வக்கீலின் டிரைவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அன்னிக்கு சொவத்தப் பாத்துக்கினு நின்னீங்களே, இன்னிக்கு இன்னாத்தப் பாக்க வந்தீங்க?"

அவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். பிறகு சொன்னார்: "பாலத்துல மோதி அந்த ஆக்ஸில் ஒடைஞ்சப்ப வண்டி ஓட்னவன் நானு. பித்தளை வெச்சி ஒட்டச் சொன்னது வக்கீலு. ஒட்டிக்கினு வந்தவன் நானு. ஒங்க மொதலாளி விரல வெச்சிப் பாத்தாரே, அதையும் பாத்தேன். கோர்ட்டுல சொல்றேன்."

"வேல போயிடுமே."

"போயிடும். எனுக்கு நாலு புள்ளைங்க. அதான் அன்னிக்கு சொவத்தப் பாத்தேன்."

நான் அவரை உட்காரச் சொன்னேன். ஆனாலும் என் கோபம் ஆறவில்லை. ஆறாமலேயே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

திண்டிவனம் கோர்ட்டில் மாமாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சியில் உட்கார வைத்தார்கள். முதலாளி கூண்டில் ஏறி, வண்டி முதல்தரமான வண்டி என்றும், ஆக்ஸிலைப் பற்றித் தமக்கு ஒன்றுமே தெரியாது என்றும் சொன்னார். மாட்டுவண்டிக்காரர் கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்து, "குடிகாரன் ஓட்ன மாதிரி வர்லீங்க. நேராத்தான் வந்துது. சக்கரம் சாஞ்சிச்சு, அப்புறந்தான் மேல வந்துது" என்று சொன்னார். செத்த மாட்டை நினைத்து அவர் எங்கள்மேல் ஆத்திரப்பட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கண்டதைச் சொன்னார்.

பிறகு நான் ஏறினேன். இரும்புத் துண்டை மேஜைமேல் வைத்தார்கள். மாஜிஸ்திரேட் வெள்ளைக்காரர் அல்ல, நம்மவர்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் விரலால் காட்டினேன். "இந்தக் கறுத்த துரு எல்லாம் பழைய ஒடைசலுங்க. இந்த மஞ்ச, மேலாப்புல பூசின பித்தளை. உள்ள எறங்கவே இல்ல. இதோ, இந்த வெள்ளையா இருக்கற எடம்தாங்க புதுசா ஒடைஞ்சது. ரெண்டு விரக்கடை. அவ்ளோதாங்க இரும்பு பிடிச்சிக்கினு இருந்துது."

அரசாங்கத்துப் பக்கத்து வக்கீல் எழுந்தார். "நீ முன்னாடியே இதைப் பாத்திருக்கே?"

"பாத்தேங்க."

"பாத்தும், உன் அக்கா புருஷனையே அந்த வண்டியில ஏத்திவிட்டே?"

அக்காள் கதவோரம் நின்றிருந்தாள்.

"ஆமாங்க. மாத்தியாச்சுன்னு சொன்னத நம்பிட்டேங்க. குனிஞ்சி பாக்கல. அது என் தப்புங்க. ஆனா வண்டி மோதினது எங்க மாமா தப்பு இல்லீங்க."

கடைசியில் நரைத்த மீசைக்காரர் ஏறி, பாலத்தில் மோதியது முதல் நூற்றைம்பது ரூபாய் பேரம் வரைக்கும் சொன்னார். முதலாளியின் முகம் சுருங்கியது. மாமாவை விடுதலை செய்தார்கள்.

அவ்வளவுதான். மாமாவுக்கு ஜெயில் இல்லை என்பதுதான் தீர்ப்பு. விற்ற வக்கீல் அன்று கோர்ட்டுப் பக்கமே வரவில்லை, அவரை யாரும் கூப்பிடவும் இல்லை. தெரிந்தே ஓட்டவிட்ட முதலாளி, குதிரைவண்டி ஏறி ஸ்டேஷனுக்குப் போனார். வண்டிக்காரரின் செத்த மாட்டுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நரைத்த மீசைக்காரருக்கு அன்று சாயங்காலமே வேலை போயிற்று. மெட்ராஸில் லாரி ஓட்டப் போவதாகச் சொன்னார். ஸ்டேஷனில் நானும் மாமாவும் வழியனுப்பினோம். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால், அந்த வழக்கில் யோக்கியமாக நடந்துகொண்டவர்கள் எல்லோரும் எதையாவது இழந்தார்கள். மற்றவர்கள் ஒரு பழைய காரைத்தான் இழந்தார்கள்.

சித்திரை மாசத்தில் முதலாளி வெட்கமே இல்லாமல் மறுபடியும் ஷெட்டுக்கு வந்தார். "நடந்தது நடந்துபோச்சுடா. கடலூர்ல இன்னொரு வண்டி வருது. வந்து பாத்து சொல்லு."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. "ஒங்களுக்கு வெல கொறைச்சிக் குடுக்கறதுக்கு நான் அடியில படுக்க மாட்டேங்க. வேற ஆளப் பாருங்க."

"திமிருடா ஒனுக்கு."

"ஆமாங்க."

அவர் எங்கள் பஸ் முதலாளிக்கு வேண்டியவர். அந்த வாரத்தோடு எனக்கு வேலை போயிற்று.

திண்டிவனம் ரோட்டோரம் ஓலை வேய்ந்து சொந்தமாக ஒரு கொட்டகை போட்டேன். மாமாவும் கட்டைக் காலைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். உட்கார்ந்த இடத்தில் டியூபுக்கு ஒட்டுப் போடுவார். என்னோடு வேலை செய்தாரே தவிர, இரண்டு வருஷம் வேலையைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காள் இருவருக்கும் ஒரே தூக்கில் சோறு கொடுத்தனுப்புவாள். இரண்டு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

அந்தக் கொட்டகையில் ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். யார் கார் வாங்கக் கூப்பிட்டாலும் அதை ஓட்டப்போகிற டிரைவரும் கூட வர வேண்டும். நான் கண்டதை முதலில் அந்த டிரைவரிடம் சொல்வேன், பிறகுதான் முதலாளியிடம். பாதிப் பேர் இதற்காகவே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டேன். யுத்த காலத்தில் புதுக் காரே வராமல் போயிற்று. பெட்ரோலும் கிடைக்காமல், பழைய வண்டிகளின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதில் வருகிற வாயுவில் ஓட்டினார்கள். செத்த வண்டிகளையெல்லாம் எழுப்பி விற்றார்கள். நான் சொல்லியும் ஏறி ஓட்டிய டிரைவர்கள் உண்டு. "வூட்டுல அடுப்பு எரியணுமே அண்ணே" என்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். பிறகு அந்தக் கோபம் யார்மேல் போய் நிற்க வேண்டும் என்று தெரியாமல் நிற்கும்.

ஒருநாள் பிரம்மதேசத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர், வாங்கப் போகிற காரையே டிரைவரோடு எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். நான் அடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்து, டிரைவரிடம் சொன்னேன்: "ஆக்ஸில் நல்லா இருக்குது. ஸ்டியரிங் நல்லா இருக்குது. பிரேக்கு மட்டும் மாத்திக்க. தகிரியமா ஓட்டலாம்."

அந்த டிரைவர் சரி என்று தலையாட்டி, கதவைத் திறந்து ஏறப் போனான். மூலையில் டியூபைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டிருந்த மாமா, தலையைத் தூக்காமலே சத்தம் போட்டார்.

"எறங்கு! அவன் சொன்னான்னு ஏறாத. நீ படுத்துப் பாத்தியா?"

டிரைவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். பண்ணைக்காரரும் பார்த்தார். என் கடையில், என் வேலையை, வாடிக்கைக்காரர் முன்னால் அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறந்தேன். மாமா இப்போது தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் பகை இருந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். வண்டிப் பக்கத்தில் கிடந்த சாக்கை உதறி விரித்து, டிரைவர் படுப்பதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றேன்.